மருதமுத்துவின் அரை

எங்கள் தெருவில் வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். போன மாதம் கினிகத்தேனைப் பக்கம் கோழிகள் குடியிருந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கிவந்து வீட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியோடு என்னிடம் வந்தார். பழைய வண்டியைப் பழுதுபார்க்கப் புதிதாக இறங்குகிறவனுக்கு என்னென்ன கருவிகள் வேண்டும் என்று யாரோ எழுதிய பட்டியல். ஜாக்கி, கம்பிப் பிரஷ், துரு இளக்கும் மருந்து, ரப்பர் கையுறை என்று நீண்டுகொண்டே போனது.

"தாத்தா, மொதல்ல நல்ல ஸ்பானர் செட் ஒண்ணு வேணுமாம். ஒங்ககிட்ட ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்ல தம்பி" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. பச்சைப் பொய்.

அவர் போன பிறகும் மண்ணெண்ணெய் வாசனை கொஞ்ச நேரம் நின்றது. பாவம், கையெல்லாம் அதுதான். துரு இளக்க அந்தக் காலத்தில் எங்களுக்கும் அதுதான் மருந்து. விளக்குக்கு வைத்திருந்ததில் பாதி நட்டுகளுக்குப் போகும். கையுறையா? கோணிச்சாக்குத் துண்டு.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பேக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். இருபத்திரண்டு வயது, தேயிலை அரைக்கும் ரோலரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன் என்று எனக்கே ஒரு நினைப்பு. அப்போது எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, பட்டாளம் விட்டுப்போன அமெரிக்க ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கும், எந்த மேட்டிலும் ஏறும் என்றார்கள். அது எங்கள் மேட்டுக்கே மாடு கட்டித்தான் இழுபட்டு வந்தது. துரை தன் தமிழில் அறிவித்தார்: "யார் இதை ஓட வைக்கிறது, அவன்தான் டிரைவர்."

டிரைவர் என்றால் காக்கிக் கோட்டு மட்டுமில்லை. பங்களாவுக்குக் கீழே தனியாக ஓர் அறை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் ஏழு பேர் படுத்தோம். நான் புரண்டு படுத்தால் தங்கச்சி எழுந்துகொள்வாள். அந்த அறையின் ஜன்னலை நான் எத்தனை தரம் போய்ப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் நாளே பேக்டரிப் பெட்டியோடு போய் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். நட்டு அரை இஞ்ச் என்றார்கள், 'அரை' என்று பொறித்த ஸ்பானரை எடுத்தால் நட்டு அதற்குள் தொலைந்துபோனது. 'கால்' ஏறக்குறையப் பொருந்தியது. அந்த ஏறக்குறையதான் என் தலையெழுத்து. ஓங்கித் திருப்பினேன், வழுக்கியது, நட்டின் மூலைகள் மழுங்கின, என் விரல் முட்டிகள் ரேடியேட்டரில் கிழிந்தன. அடுத்த நட்டிலும் அதே கதை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மருதமுத்து சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சண்டைக் காலத்தில் பட்டாள வேர்க்‌ஷாப்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பி, தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளக்காரன் அரைங்கிறது போல்ட்டோட தடிப்பு. அமெரிக்காக்காரன் அரைங்கிறது நட்டோட அகலம். ரெண்டு அரையும் வேற வேறப்பா" என்றான்.

மறுநாள் ஒரு கித்தான் சுருளைக் கொண்டுவந்து ஜீப்பின் முகப்பில் விரித்தான். பன்னிரண்டு பைகள், பன்னிரண்டு அமெரிக்க ஸ்பானர்கள். எண்ணெய் பூசி, சின்னதிலிருந்து பெரிசு வரை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைக்கு நல்ல பெயர் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன், அது பொறாமைதான். ஸ்பானர்மேல் மட்டுமில்லை. அவன் கையில் ஒரு கீறல்கூட இல்லை. நட்டு அவன் சொல்வதைக் கேட்டது.

சேர்ந்தே வேலை செய்தோம். யார் ஓட வைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. "அவன் அரையும் ஒன் காலும் சேந்தா முக்கா வண்டிதாண்டா ஓடும்" என்று பேக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயா போகிற வருகிற நேரமெல்லாம் கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

கடைசியாகத் தண்ணீர்ப் பம்பு மட்டும் பாக்கி. அதன் போல்ட்டுகள் எல்லாம் அரை. அன்று காலையில் அவன் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், சுருளிலிருந்த அரையை எடுத்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ஜன்னல்தான் ஏன்.

திரும்பி வந்தவன் சுருளைப் பார்த்தான், புல்லில் தேடினான். "அரையப் பாத்தியா?"

"இல்லியே."

இரும்பு என் தொடையில் குளிர்ந்தது. அவன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "சரி, ஒன் காலக் குடு" என்றான்.

கொடுத்தேன். விரல் கிழியட்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டு கொடுத்தேன். அவனோ உடைந்த தேயிலை மரப்பெட்டி ஒன்றின் ஓரத்தகரத்தைக் கத்திரித்து, நகமளவு துண்டை ஸ்பானருக்கும் போல்ட்டுக்கும் நடுவில் செருகினான். திருப்பினான். வழுக்கவில்லை. அந்தத் தகரம் தினமும் என் காலடியில் கிடந்தது.

மூன்றாம் நாள் ஜீப், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தைச் சுற்றி வந்தது. காக்கிக் கோட்டும் அறையும் அவனுக்குப் போயின. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஹார்ன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அரையை வீட்டில் கூரைச் சட்டத்தின் மேல் ஒளித்து வைத்திருந்தேன். வெளியே எடுத்தால் அகப்பட்டுக்கொள்வேன். அதனால் அது ஒரு நட்டைக்கூடத் திருப்பவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவன் குடும்பத்தோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போனான். வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். போகாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தக் கித்தான் சுருளை நீட்டினான்.

"நீயே வச்சுக்கப்பா. பதினொண்ணு இருக்கு. இன்னொண்ணு எங்க இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியுமே. எடுத்துப் போட்டுக்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் அழுதிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். இப்படிக் கொடுக்க இவனால் எப்படி முடிகிறது?

கடிதம் ஏதும் வரவில்லை, நானும் எழுதவில்லை. ஜீப்பைப் பிறகு யாரோ இரும்புக்கு உடைத்தார்களாம். பேக்டரி இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல். ஓரத்தகரம் அடித்த தேயிலைப் பெட்டியே ஒழிந்து, எல்லாம் காகித மூட்டையாகிவிட்டது. டிரைவர் அறையும் இல்லை, அந்த ஜன்னலும் இல்லை.

சுருள் மட்டும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வங்கித் தம்பிக்கு 'இல்லை' என்றது அதைத்தான். பதினொன்றும் அதனதன் பையில். அரையைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது பையில் அதைச் செருகப் பலமுறை கை போயிருக்கிறது. செருகிவிட்டால் பன்னிரண்டும் அவன் கொடுத்தது என்றாகிவிடும். ஒன்று நான் எடுத்தது.