தொப்பூர் கணவாயில் ஈரக்கரி

காலை ஏழரைக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டேகாலுக்குத்தான் நகர்ந்தது. யுத்த காலம், பெட்ரோல் கண்ணில் படுவதே இல்லை. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு டிரம் ஒன்றை மாட்டி, அதில் மரக்கரியைக் கொட்டிக் கனல வைத்து, வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டுகிறார்கள். சேலத்திலிருந்து தர்மபுரி நாற்பது மைல், கட்டணம் ஒரு ரூபாய். மேட்டில் இறங்கித் தள்ளுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது; அது பிரயாணிகள் செய்த புண்ணியம்.

சேலத்தில் காப்பி கிளப் வைத்திருப்பவன் நான். தர்மபுரியில் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் கிளம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் முனியப்பன், அதியமான்கோட்டைக்காரர், முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு பொட்டலத்தை முடிந்துவைத்து, அதை விட்டுக் கையை எடுக்காமல் வந்தார். மனைவிக்குப் பிரசவமாகி ஒன்பது நாளாம். மூன்று நாளாக நடுக்கும் காய்ச்சல். உள்ளூரில் மருந்து கிடைக்காமல் நேற்றே சேலத்துக்கு ஓடிவந்து, புதிதாக வந்திருக்கும் மாத்திரையை வாங்கியிருக்கிறார். இன்று பொழுது சாய்வதற்குள் முதல் மாத்திரை உள்ளே போகாவிட்டால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

ஒன்பதரைக்கு ஓமலூர். அங்கே ஒரு மூட்டைக் கரியை டிரம்மில் கொட்டி, இன்னொன்றைக் கூரையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எதிரே வண்டிகள் வரிசையாக வந்தன. விறகு, கரி, புளி, கேழ்வரகு எல்லாம் சேலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பஸ்ஸின் கூரையில் அந்தக் கரி போக, மேலே போவது உப்பும் இரண்டு சிப்பம் துணியும்தான். என் கிளப்பில் தினம் எரிகிற நெருப்பு ஏதோ ஒரு மலையில் நேற்றுவரை மரமாக நின்றது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அடுப்பு தானாகவே எரிவது போல் இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தொப்பூர் மேட்டில் ஏறினோம். இரண்டாவது வளைவில் எஞ்சின் இருமியது, பிறகு அடங்கியது. வண்டி பின்னால் சரியத் தொடங்கவும் கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இடது பக்கம் பள்ளம். எல்லோரும் இறங்கிவிட்டோம்.

டிரைவர் ரங்கசாமி கோபக்காரர். டிரம்மைத் திறந்தால் நெருப்புக்குப் பதில் வெள்ளையாக நீராவி வந்தது. ஓமலூரில் புதிதாகக் கொட்டிய மூட்டை ஈரம். கூரையிலிருந்த இன்னொரு மூட்டையைக் கீழே தள்ளி அவிழ்த்தார். மேலே கை வைத்தால் காய்ந்த கரி. உள்ளே கையை விட்டதும் விரல் நனைந்து வந்தது. எடை கூட்டத் தண்ணீர் ஊற்றியவனை அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

முனியப்பன் சாக்கின் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"திட்டுங்க. இது நான் ஊத்துன தண்ணிதாங்க," என்றார்.

அதியமான்கோட்டைக் கரிக்கிடங்கில் மூட்டை தைப்பவர் அவர். வாங்குபவர்கள் வாய்ப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், கவிழ்த்தால் அடியைப் பார்ப்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் காய்ந்ததை வைத்து நடுவில் மட்டும் நனைப்பது அங்கே வழக்கமாம். டிரைவர் கையை ஓங்கிவிட்டார். அதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துபோயிருந்த அந்த மாத்திரை நினைவுக்கு வந்ததோ என்னவோ, இறக்கிக்கொண்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சேலத்துல மூட்டைக்கு ஒரு வீசை எடைய தூளுன்னு கழிச்சுடறாங்க. தூளு இருந்தாலும் கழிவு, இல்லைன்னாலும் கழிவு. கொறையறத கெடங்குக்காரரு எங்க கூலியில புடிக்கறாருங்க. நாங்க என்னங்க பண்றது?"

நான் குனிந்து சாக்கின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவர் வெயிலில் சுட்ட பாறைமேல் கரியைக் கொட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு துண்டுகளைக் காதருகே வைத்துத் தட்டினார். காய்ந்த கரி கணீரென்று ஒலிக்கும். ஈரக்கரி மொத்தென்று சொல்லும். நாங்களும் சுற்றி உட்கார்ந்து தட்டினோம். துணி வியாபாரி ஒருவர் தம் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தேறியதை டிரம்மில் போட, கிளீனர் துருத்தியைச் சுற்ற, வாயு வரவில்லை. மறுபடி கிளறி, மறுபடி சுற்றினோம். முனியப்பன் சூரியனைப் பார்ப்பதும் மடியைத் தொடுவதுமாக இருந்தார். நடந்துவிடவா என்று கேட்டார். இன்னும் பத்துப் பதினைந்து மைல் இருக்கிறது, ஓடினாலும் இருட்டிவிடும் என்றார் டிரைவர்.

மூன்றரைக்கு எஞ்சின் பிடித்தது. உச்சிவரை எல்லோரும் தள்ளிக்கொண்டே ஏறினோம்.

அதியமான்கோட்டை வந்தபோது மணி ஐந்தரை. பஸ் நிற்பதற்குள் முனியப்பன் குதித்து ஓடினார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. இத்தனை நேரம் தாமதமான பஸ்ஸில் ஒருவர்கூடக் கிளம்பச் சொல்லவில்லை. கால் மணி கழித்துத் திரும்பி வந்தவர், மூச்சிரைக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"முழுங்கிட்டா. கண்ண தொறந்து பாத்தா," என்றார். டிரைவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான்கு நாள் கழித்துத் திரும்புகையில் அதே ஊரில் பஸ் நின்றது. கிடங்கு வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த முனியப்பன் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டதாம், கஞ்சி குடிக்கிறாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேட்டில் சொல்லாததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் நகர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சேலத்தில் மறுநாள் காலை கிளப்புக்குக் கரி வந்தது. கடைக்காரர் தராசில் ஏற்றிவிட்டு, பதினோரு வருஷமாக நான் பேசி வைத்திருந்தபடியே, தூளுக்கு ஒரு வீசை தள்ளிச் சொன்னார்.

தள்ள வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.