பனியில் கால் வைக்க எந்தக் கப்பல்?

இன்று காலை நானும் என் சம்சாரமும் பெரிய காஞ்சிபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாய் கடைக்குப் போனோம். பனி தேசத்தைக் கப்பலில் போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு மகள் சொல்லியிருக்கிறாள்.

ரெண்டு கப்பல் இருக்குதாம். சின்னதில் போனால் தினமும் ரப்பர் படகில் இறங்கிக் கரைக்குப் போகணும். பெரியதில் ஆட்டம் குறைச்சல், நாற்காலியில் உட்கார்ந்துக்கினே பார்க்கலாம்.

"எனக்குப் பனியில கால் வைக்கணும். சின்னதையே போடு பாய்" என்றாள் இவள்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. உடம்பு எப்படின்னு எழுதிக் கொடுக்கிற ஃபாரத்தைப் பாய்தான் படித்துக் கேட்டார். "ஐயா, பிடிமானம் இல்லாம இறங்கி ஏறுவீங்களா?"

"ஐம்பது வருஷமா தறிக்குழியில இறங்கி ஏறுறவன்பா நான்."

"மேல கட்டின கயிற்றைப் பிடிச்சாத்தான் எழுந்திருக்கிறே, அதையும் சொல்லுய்யா" என்றாள்.

விடுவேனா? "மக கல்யாணத்துக்கு முந்தின வருஷம் திருப்பதி மலையில வாந்தி எடுக்க நாலு தடவை பஸ்ஸை நிறுத்தினது யாரு?"

பாய் சிரிக்கவில்லை. "மறைச்சு எழுதினா நடுக்கடல்ல யாருமா பார்ப்பாங்க?"

பெரிய கப்பலுக்கே சரி என்றோம். இவள் முகம் சுருங்கிப்போனது.

"அதுலயும் ஒரு நாள் கரையில கட்டுவாங்கமா. கைப்பிடி வெச்ச பலகை மேல நடந்து இறங்கலாம்" என்றார் பாய்.

"அந்த ஒரு நாள் போதும்" என்றவள் என் பக்கம் திரும்பி, "நீயும் கூட இறங்கணும்" என்றாள்.

அந்தக் கைப்பிடியை நான் நம்பலை. தறிக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கினு போகப் போறேன். கப்பல் ஏற ஏரோப்ளேன்லதான் போகணுமாம், அதுல விடுவாங்களா? போய் வந்தவங்க சொல்லுங்கபா.