டியூப் லைட்டின் கீழ் நின்ற கோடு

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எஞ்சினை வாங்க ஆள் வருவதாக இருந்தது. வியாழன் பிற்பகல் மூன்றே காலுக்கு அது திகன ஊரிலுள்ள எங்கள் கராஜில், விற்குமுன் ஓட்டிப் பார்ப்பதற்காக, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் நின்று ஓடிக்கொண்டிருந்தது. விற்கும் நிலை வந்தது என் வார்த்தையால்தான்.

எஞ்சின் படகோட்டி பலீல் நானாவுடையது; மூத்தவரை இங்கே நானா என்பது வழக்கம். நாற்பது குதிரை வலு, டூ ஸ்ட்ரோக். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் அக்கரை ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றி இறக்கும் அவர் படகுக்கானது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மூழ்கிய தெருக்களின் மேலேதான் ட்ரையல் பார்ப்போம்.

மூன்று கிழமைக்கு முன், ஒரு திங்கள் காலை, அந்தப் படகுக்கு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் புதிய ஆர்.பி.எம். மீட்டர் பூட்டினேன். முழு த்ரொட்டிலில் 6600 காட்டியது. அந்த எஞ்சினுக்கு உச்சம் 5500. புரொப்பெல்லரின் 'பிட்ச்' என்பது, ஒரு முழுச் சுற்றில் வழுக்காமல் போனால் அது முன்னேறும் தூரம். மரத்தில் இறங்கும் ஸ்க்ரூவைப்போல. பிட்ச் குறைந்தால் எஞ்சின் இலகுவாகச் சுற்றி அளவை மீறும். கூடினால் மூச்சு வாங்கும். ஆகவே 13 அங்குலப் பிட்ச் புரொப்பெல்லரைக் கழற்றி 17 போட்டேன். மீட்டர் சரியாக 5500 காட்டியது. கொப்பியில் திகதி, நேரம், காற்று எல்லாம் குறித்து அடிக்கோடும் இட்டேன்.

படகு மட்டும் எழும்பவில்லை.

“பாஸ், என்ட போட் எரும மாடு மாதிரி தண்ணிக்குள்ள படுத்துக்கிட்டு ஈக்கிது. ஆறு பேர் ஏறினா மூக்க தூக்குதில்ல,” என்றார் நானா. மெக்கானிக்கை இங்கே பாஸ் என்பார்கள்.

“மீட்டர் சரியாத்தான் காட்டுது நானா. எஞ்சின்தான் களைச்சுப்போச்சு. இனி தாங்காதுங்க.”

“களச்சது எஞ்சினா, நீங்களா?”

சிரித்தாலும் என்னை நம்பிவிட்டார். வந்த விலைக்கு எஞ்சினைக் கொடுத்துவிட்டு படகையே நிறுத்தப்போவதாகச் சொன்னார். இன்னொன்று வாங்க அவருக்கு வசதியில்லை.

அந்த வியாழன் மழை இருட்டு. கராஜின் பழைய டியூப் லைட்டைப் போட்டேன். மூடி கழற்றிய எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தில், டைமிங் பார்க்க நான் இழுத்த ஒரேயொரு சோக்கட்டிக் கோடு. வேகத்தை மெல்லக் கூட்டினேன். வெள்ளைப் புகையாய்ச் சுழன்றது திரண்டு, பின்னோக்கி ஊர்ந்து, நின்றது. ஒன்றல்ல, எதிரெதிரே இரண்டு கோடுகள். காதை அடைக்கும் இரைச்சலின் நடுவே அவை தூங்குவதுபோல் அசையாமல் கிடந்தன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் என் கொப்பியில் இல்லை.

பிறகுதான் உறைத்தது. நம் மின்சாரத்தில் அந்த வகை டியூப் லைட் செக்கனுக்கு நூறு தடவை மங்கி ஒளிர்கிறது. ஒரு கோடு இரண்டாகி நின்றால், ஒவ்வோர் ஒளிர்வுக்கும் அரைச் சுற்று; அதாவது சக்கரம் செக்கனுக்கு ஐம்பது சுற்று. நிமிடத்துக்கு 3000. படகிலிருந்து கழற்றி எஞ்சினோடு இணைத்திருந்த மீட்டரைப் பார்த்தேன்: 3600. வேகத்தைக் குறைத்து, மூன்று கோடுகள் நிற்கும் இடத்தைப் பிடித்தேன். அது 2000. மீட்டர் 2400 என்றது.

மீட்டரின் முதுகில் சிறிய திருகு ஒன்று உண்டு. எஞ்சினின் சார்ஜிங் கொயிலில் எத்தனை முனைகளோ, அதற்கேற்ப அதைத் திருப்பவேண்டும். பன்னிரண்டில் வைக்கவேண்டியதைப் பத்தில் வைத்திருந்தேன். நான் அடிக்கோடிட்ட 5500, உண்மையில் 4600கூட இல்லை. எஞ்சின் களைக்கவில்லை. நான் மாட்டிய 17 அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கரையில், எஞ்சினை வாங்க கம்பளை ஊரிலிருந்து வந்தவருக்கு முன்னாலேயே சொன்னேன்.

“விக்காதீங்க நானா. எஞ்சின்ல பழுதில்ல. மீட்டர தப்பா வச்சது நான். தப்பான புரொப்பெல்லர மாட்டுனதும் நான்.”

“இத செல்ல ஒங்களுக்கு மூணு கெழம போச்சா?”

“நேத்துதாங்க தெரிஞ்சிச்சு.”

எஞ்சினைப் படகில் பூட்டி, பழைய 13ஐ மாட்டினோம். கம்பளைக்காரரோடு எட்டுப் பேர் ஏறினார்கள். த்ரொட்டிலை முழுக்கத் திறந்தார் நானா. மூக்கு எழும்பியது, பின் படகு தட்டையாகி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போனது. திருத்திய மீட்டரில் 5500.

கரை சேர்ந்ததும் நானா கம்பளைக்காரரிடம் சொன்னார்: “எஞ்சின் விக்கிறதுக்கில்ல. வெறுங்கையோட போக வாணாம், வேணுமென்டா இந்த பாஸ கூட்டிக்கிட்டு போங்க.”

இப்போது எந்த மீட்டரைப் பூட்டினாலும் எஞ்சினை அந்த டியூப் லைட்டின் கீழ் ஓட்டிச் சரிபார்க்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மீட்டர் ஒன்று சொல்லி, படகு வேறொன்று சொன்னால், முதலில் படகை நம்புங்கள்.