கேட்ஸ் ஹில் மானும் ருக்மின் அண்ணியும்

ருக்மின் அண்ணி இந்த வயது வரை ஒரு துண்டு கறி வாயில் வைத்ததில்லை. ஆனால் எங்கள் தீவில், ரியோ கிளாரோ பக்கம் வேட்டைக்குப் போகிற எவனைக் கேட்டாலும், மான் கறி என்றால் அவள் கைப்பக்குவம்தான் என்பான். உப்புப் பார்க்க மாட்டாள். குழம்பு கொதிக்கும்போது குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து ஒருநாள்கூட உப்புக் கூடியதில்லை. என் வீட்டுக்காரி ஆறு தடவை ருசி பார்த்துத்தான் இறக்குகிறாள். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அண்ணி பிறந்தது பினால் பக்கம், முட்டைகூட வாசல்படி தாண்டாத வீட்டில். பத்தொன்பது வயதில் பிஸூன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். கூடப் பிறக்காவிட்டாலும் எங்கள் வேட்டைக் கூட்டத்துக்கே அவர்தான் அண்ணன். அதனால் அவள் எல்லோருக்கும் அண்ணி. வந்த மூன்றாம் நாளே மனுஷன் ஓர் அகூட்டியைக் கொண்டுவந்து அடுப்படியில் போட்டார். முயல் அளவு பிராணி, காட்டில் கொட்டை பொறுக்கித் தின்னும். அதைப் பார்த்து அண்ணி அழுதாள். அழுதுகொண்டே கத்தியைக் கேட்டு வாங்கினாள்.

"அன்னிக்கு நான் அழுதது அந்த ஜீவனுக்காகன்னு ஊரே பேசுச்சு. கத்தி அவ்வளவு மொண்ணைப்பா. அதை வச்சு வெட்டணுமேன்னுதான் அழுதேன்," என்பாள் இப்போது.

கல்யாணமான வருடமே அண்ணன் கறிக்குள் கிடந்த துப்பாக்கி ஈய ரவையைக் கடித்துக் கடைவாய்ப்பல்லை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அண்ணி சட்டியில் போடுவாள். அகப்படுகிற ரவையை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு வைப்பாள். நாங்கள் அதைக் கண்டுகொண்டதில்லை. எங்களுக்கு வேண்டியது கறி.

அண்ணன் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரே மகன் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான். காரை விட்டு இறங்கும்போதே எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான். ஆக அண்ணிக்கு வருடத்தில் ஒரு நாள்தான் வீடு நிறையும், அது செப்டம்பர் கடைசி ஞாயிறு. அக்டோபர் ஒன்றாம் தேதி வேட்டை திறக்கும். அதற்கு முந்தின ஞாயிறு பழைய படங்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் கூடுவது அண்ணன் காலத்து வழக்கம். வேட்டை மூடிய மாதத்தில் காட்டுக்கறி ஆகாது என்பதால் அன்றைக்கு வாத்துக்கறியும், பருப்பு அடைத்த தால்பூரி ரொட்டியும். அவள் புதன்கிழமையே மசாலா அரைக்க ஆரம்பித்துவிடுவாள்.

முன்பு பன்னிரண்டு பேர் வருவோம். சிலர் மேலே போனார்கள், சிலர் அமெரிக்கா போனார்கள், ஒருத்தன் பக்திமானாகிவிட்டான். கடைசியில் தவறாமல் வந்தது நானும் யூஸ்டஸும்தான். பாசத்தில் வந்தோம் என்று சொன்னால் அது பொய். சண்டை போட வந்தோம்.

சண்டை ஒரு மானைப் பற்றி. 1985, கேட்ஸ் ஹில் காடு. அண்ணனின் நாய் கேப்டன் ஓடைப் பக்கமிருந்து விரட்டிக்கொண்டு வருகிறது. நான் ஒரு தடத்தில் காத்து நிற்கிறேன், யூஸ்டஸ் நாற்பது அடி தள்ளி இன்னொரு தடத்தில். மான் எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தது. ரெண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. அப்படி ஒரு பெரிய கிடாவை அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்தில் யாரும் சாய்த்ததில்லை. வீட்டு முற்றத்தில் போட்டு அண்ணன் படம் எடுத்தார். படத்தில் தலையைப் பிடிக்கிறவன்தான் சுட்டவன், அது எங்கள் முறை. அந்தப் படத்தில் ஒரு கொம்பு என் கையில், மற்றது யூஸ்டஸ் கையில். ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை.

படமெல்லாம் மேசையில் பரப்பியதும் பேச்சு நல்லபடியாகத்தான் தொடங்கும். வருடம் தேதி எங்களுக்கு ஒட்டாது, நாயை வைத்துத்தான் கணக்கு.

"இது லேடி குட்டி போட்ட வருஷம்," என்பான் யூஸ்டஸ்.

"அப்ப உன் மக பொறந்துட்டாளா?"

"அதெல்லாம் வீட்ல கேக்கணும்."

அடுத்த படத்தில் ஆறு பேர் விறைத்து நிற்போம், காலடியில் வேட்டை ஒன்றும் இருக்காது. கேப்டன் மூன்று மணி நேரம் துரத்தி மடக்கியது ஒருத்தர் வீட்டு ஆடு என்று தெரிந்த நாள் அது. அதைப் பார்த்து எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்போம். பிறகு யாராவது கேட்ஸ் ஹில் படத்தை எடுப்பார்கள், முடிந்தது.

"உன் ரவை பூரா பலாட்டா மரத்துலடா. போய்ப் பாரு, இன்னும் அங்கதான் இருக்கு," என்பான் யூஸ்டஸ்.

"மரத்தையே அறுத்து வித்துட்டானுங்க, இவன் போய்ப் பாருங்கறான். கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டவனுக்குப் பேச்சைப் பாரு."

"நான் கண்ண மூடுனேன்னு உனக்கெப்படித் தெரியும்? மானைப் பாத்தியா, என்னைப் பாத்தியா?"

வாத்து ஆறிப்போகும். அண்ணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கறி தின்னாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நாங்களும் ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை.

போன வருடம் ரெண்டு விஷயம் ஒன்றாக வந்தது. யூஸ்டஸுக்கு எழுபது ஆனதும் மகள் கனடாவுக்கே வந்துவிடச் சொன்னாள். அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. அதே சமயம் வேட்டைக்காரர் சங்கத்துப் புதுக் கூடத்தில் எங்கள் கேட்ஸ் ஹில் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவதென்று முடிவானது. அடியில் சுட்டவன் பெயர் எழுத வேண்டும், ஒரே பெயர். சங்கச் செயலாளர் நிஜாம் பள்ளிக்கூட வாத்தியார், சாதுவான பையன். அந்த வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு வாத்தைக் கொடுக்க நான் காலையிலேயே போனேன். அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இதுதான் கடைசியா, லோச்சன்?" என்றாள்.

"எது?"

"அவன் போயிடறான். படத்துலயும் பேர் எழுதிடுவாங்க. அப்புறம் இந்த வீட்டுக்கு யார் வருவா?"

நான் வருவேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கையில்லை. வருடத்துக்கு முந்நூற்று அறுபத்து நாலு நாள் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நான் எட்டிப் பார்த்ததில்லையே. அவள் மாவை ஓங்கிக் குத்தினாள்.

மதியம் நிஜாம் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசை முழுக்க விரித்தான். என் கால் பூட்ஸில் இருந்த ஓட்டைகூடத் தெரிந்தது. யூஸ்டஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கொம்பைத் தடவிப் பார்த்தான். நிஜாம் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், பின்னாடி ஜன்னல்ல யாரு?"

முற்றத்துக்குப் பின்னால் அடுப்படி ஜன்னல். அதில் ஒரு சின்னப் பெண், முடி கலைந்து, ஒரு கையில் அலுமினியப் பேசின், மறு கையில் கத்தி. நாங்கள் எப்போது போஸ் கொடுத்து முடிப்போம், எப்போது மானைக் கொடுப்போம் என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருத்தன் கண்ணிலும் அவள் பட்டதில்லை.

எனக்குச் சுரீரென்றது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"அண்ணி, அந்த மானை வெட்டுனது நீங்கதானே?"

"வேற யாரு? நீங்க ரெண்டு பேரும் வெளிய ரம் குடிச்சிட்டுக் கட்டிப் புரண்டுக்கிட்டிருந்தீங்க."

"அதுல ரவை ஏதாச்சும்..."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சீரக டப்பாவுக்குப் பின்னால் தனியாக வைத்திருந்த ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். ரெண்டு இரும்புக் குண்டு விழுந்தது, லேசாகத் துருவேறி.

அந்த வருடம் தோட்டாவுக்குப் பஞ்சம். யூஸ்டஸ் சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். பழைய தோட்டாவில் பேரிங் குண்டு போட்டு அடைப்பான். லைசென்ஸ் பறிபோகும் என்பதால் எங்கள் கூட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நான் சுட்டது கடையில் வாங்கிய ஈயம்.

"தோள்பட்டையில, நெஞ்சை ஒட்டி இருந்துச்சு. ஈயம் ஒண்ணுகூட இல்ல. விரல் வைக்காத இடமில்ல, நல்லாப் பாத்துட்டேன்," என்றாள் அண்ணி.

நான் அங்கிருந்த மணையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளைகளுக்கு, பேரனுக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கெல்லாம் சொன்ன கதை அது.

"ஏன் அண்ணி இத்தனை வருஷமா சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? நாயைக் கேட்டீங்க, மரத்தைக் கேட்டீங்க, என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?" அடுப்பைத் தணித்தாள். "மொதல்ல கோவத்துலதான் சொல்லல. அவர் போனப்புறம் பயத்துல சொல்லல. உங்க சண்டை தீந்துட்டா நீங்க எதுக்கு வருவீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மான் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"இப்ப கேட்டுட்டே. பொய் சொல்ல எனக்கு வராது. கொண்டு போய்க் காட்டு, போ. போறவன் சந்தோஷமாப் போகட்டும்."

குண்டுகளைப் பாட்டிலில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். சொல்வதை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன்.

"நிஜாம், எழுதிக்க. சுட்டது யூஸ்டஸ்."

யூஸ்டஸ் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா சொன்னே?"

"நீதான் சுட்டே. ஒத்துக்கறேன்."

"ஓஹோ. இத்தனை வருஷம் என் உயிரை வாங்கிட்டு, பிளேன் ஏறப் போறப்ப தானம் பண்றியா? நான் என்ன சாகவா போறேன்?"

"தானமில்லடா, நிஜமாத்தான்."

"உன் மூஞ்சியே சொல்லுது, பாவம்னு பாக்கறே. உன் பிச்சை எனக்கு வேணாம். எழுதுப்பா நிஜாம், சுட்டது லோச்சன். எனக்கு அன்னிக்கே லேசா சந்தேகம்தான்."

"என் பேரை எழுதினா பேனாவை ஒடிச்சிடுவேன்," என்றேன்.

"அவன் ரவைதான் பட்டுச்சு, நான் பாத்தேன்."

"நீ கண்ண மூடிக்கிட்டுத்தானேடா சுட்டே?"

"நான் கண்ண மூடுனேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

அடுப்படி வாசலில் அண்ணி பாட்டிலோடு நின்றாள். கொண்டு வரவா என்று புருவத்தைத் தூக்கினாள். ரெண்டு இரும்புக் குண்டு, மேசையில் வைத்தால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பாட்டில் அவள் முந்திக்குள் போயிற்று. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் பாவம் நிஜாம் பயந்தே போனான். வாத்து அன்றைக்கும் ஆறித்தான் போனது. திரும்பச் சூடு பண்ணி நாலு தால்பூரியோடு தின்றேன். தோற்றவனுக்கு அவ்வளவு பசி எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

சங்கக் கூடத்தில் இப்போது படம் தொங்குகிறது. நிஜாம் கடைசியில் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டான்: 'கேட்ஸ் ஹில், 1985. ஜன்னலில்: ருக்மின்.' திறப்பு விழாவுக்கு அண்ணி நல்ல உடையில் வந்து ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாள். "தலைகூடச் சீவல பாரு," என்று மட்டும் சொன்னாள். எத்தனை பேர் காதில் சொன்னாள் என்று எண்ணி முடியாது.

யூஸ்டஸ் போன மறுவாரமே எனக்கு போன் பண்ணினான். குளிரைத் திட்டினான், மருமகனைத் திட்டினான், பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"சாட்சி இல்லாம உன்கிட்ட அந்த மானைப் பத்திப் பேசறதா இல்ல. ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்கு அண்ணி வீட்ல இரு. அவங்க போன்லதான் கூப்பிடுவேன்."

அதனால் இப்போது ஞாயிறு தவறாமல் போகிறேன். நிஜாமும் வருகிறான், சில நாள் பெண்டாட்டி பிள்ளையோடு. அண்ணி போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு மாவு உருட்டுவாள். அவன் அங்கே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, சுட்டது நீதான் என்று என்னிடம் அடித்துச் சொல்வான். இல்லை நீதான் என்று நான் கத்துவேன். ரெண்டு பேரும் களைத்துப் போகிற சமயம் பார்த்து அண்ணி சீரக டப்பாவை நகர்த்தி, எடுக்கட்டுமா என்று என்னைப் பார்ப்பாள்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் அண்ணி," என்பேன். அவள் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு இன்னொரு ரொட்டி போடுவாள்.