நைனா ஜெயித்த ஆட்டம்

கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்தார். ஒன்று, உருட்டிக் காதுக்குள் செருகும் மஞ்சள் நிற ஸ்பாஞ்சு அடைப்பு. மற்றது, தலைமேல் மாட்டி இரண்டு காதையும் கிண்ணம்போல் மூடுவது. “எதும்மா வோணும்?” என்றார்.

போன வாரம்தான் கம்பெனியில் செய்த பரிசோதனையில் மெஷின் இரைச்சலில் வேலை செய்யும் என் மகனுக்கு இடது காது மந்தம் என்று வந்திருந்தது. இதே இரண்டையும் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தரையில் பார்த்திருக்கிறேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்போது திருத்தணிக்கு வெளியே ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை செய்தார். ஒருநாள் முதலாளி கொடுத்தாரென்று இரண்டு வகையும் கொண்டுவந்தார். ஒத்துவருவதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். கிண்ணத்தை மாட்டினால் தலையில் கட்டிய துண்டு நிற்கவில்லை. அடைப்பை ஜல்லித்தூள் படிந்த விரலால் உருட்டினால் காது அரிக்கும் என்றார்.

கிண்ணத்தோடு அவரைப் பார்த்து அம்மா சிரித்தாள். “ரேடியோ கேட்டுகினு கீறாப்ல கீது.”

“பாட்டு வந்தா சொல்றேன்.”

எதிரே நின்று பேசினால் நைனா எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சரியாகப் பதில் சொல்வார்.

எது சத்தத்தை நன்றாக அடைக்கிறது என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று கூப்பிட்டேன்; திரும்பாவிட்டால் அவருக்கு ஜெயம். கிண்ணத்தோடு கூப்பிட்டபோது திரும்பவில்லை. அடைப்போடு கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. முன்னால் போய், “ரெண்டுமே நல்லா கீது நைனா” என்றேன். தலையாட்டிவிட்டு அடைப்பைக் கழற்றிக் கீழே வைத்தார்.

எனக்கு ஆட்டத்தை விட மனமில்லை. மறுபடி பின்னால் போய், “நைனா” என்றேன். இன்னும் கிட்டே போய் உரக்கக் கூப்பிட்டேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. ஈரக் கையோடு எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

“ஆங்?” என்றார் நைனா.

“எதுனா ஒண்ண வச்சிக்கோங்க,” என்றாள் அம்மா. முகத்தை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. அதனால் அவர் மறுபடியும் “ஆங்?” என்றார்.

நான் தெருவுக்கு ஓடினேன். காதில் ஒன்றுமே மாட்டாமல்கூட எங்கள் நைனா ஜெயித்துவிட்டார் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டியிருந்தது.