நல்லெண்ணெய் குடித்த பிள்ளைக்கு அம்மன் சொன்ன பதில்

செவ்வாய்க்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் சகோதரிகளே, இதைக் கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தையில் என் மகள் வளர்மதி பெரியவளானாள். அதிலிருந்து கை கால் மெலிந்து நரம்பு புடைத்தது. கழுத்து கறுத்தது. பசியோ அடங்கவே இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கிச் சோறு போடுறியா, இல்லையா?" என்று கீழக்குயில்குடியில் தெருவே என்னைக் கேட்டது. எத்தனை பேருக்குப் பதில் சொல்வது?

எழுமலையிலிருந்து என் அண்ணன் தாய்மாமன் முறைக்கு உளுந்தும் செக்கு நல்லெண்ணெயும் கொண்டுவந்தார். தினமும் உளுந்தங்களி. விடிந்ததும் பச்சை முட்டை, அந்த ஓட்டிலேயே அளந்து நல்லெண்ணெய். குமட்டினாலும் விடமாட்டேன்.

ஆடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையம் வீங்கியிருந்தது. பதின்மூன்று வயதில் சர்க்கரையும் எக்கச்சக்கம். ஒரு டாக்டர் எல்லார் முன்னாலும், "பிள்ளையப் பட்டினி போட்டு வளக்குறீங்களா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வார்டு வராந்தாவில் நின்று அம்மனிடம் சண்டை போட்டேன். "தாயே, உனக்குக் கண் இல்லையா? குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இது என்னவென்றாவது சொல்!" என்று அழுதேன்.

அன்று மத்தியானமே லேப் பெண் ஒரு குழாயோடு வந்தாள். மகளின் ரத்தத்தின் மேல் பால் போல வெள்ளையாக நின்றது. "யக்கா, அம்புட்டும் கொழுப்பு. பெரிய டாக்டர்ட்ட காட்டப் போறேன்" என்றாள்.

அந்தப் பெரிய டாக்டர் அம்மா வந்து மகளின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"மொதல்ல அத நிறுத்துங்கம்மா. இது அபூர்வமான நோய். கை கால்ல கொழுப்பச் சேத்து வைக்க இவ உடம்புல இடமில்ல. அது ரத்தத்துலயும் ஈரல்லயும் போய்த் தங்குது."

ஊர் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. ஊற்றிக் கொடுத்தவள் நான்தானே!

நோய் முழுதாகப் போகாது. ஆனால் மாத்திரை, ஊசி, எண்ணெய் இல்லாத சாப்பாடு என்று சர்க்கரையும் கொழுப்பும் இறங்கிவிட்டன. மறுபடி வயிற்றுவலி இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள்.

பங்குனிப் பொங்கலில் அண்ணன் மனைவி நெய் சொட்டும் மாவிளக்கை நீட்டினாள். "அம்மன் பிரசாதத்த வேணாங்கக் கூடாது, தெய்வக் குத்தம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்னு சொன்னதே அம்மன்தான், அத்தை."

சகோதரிகளே, நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். சண்டை போட்டே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். பதில் வந்தால் மட்டும் பிடிவாதம் பிடிக்காமல் காது கொடுங்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், தாயே.