சோளகத்துக்கு எதிரே

என் கணவருக்கு நோய், வருத்தம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்ததை எடுக்கப் போன இடத்தில், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டொக்டர் ஏதோ இரைகிறது என்று சொல்லி, இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோவுக்கு அனுப்பிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அறை. என் கணவர் இடப்பக்கம் சரிந்து கிடந்தார். இருதய டொக்டர் நெஞ்சில் பசை பூசி, கருவியை அழுத்தி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். நெடுநேரத்துக்குப் பிறகுதான் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் வாசலில் உள்ள வால்வு தடித்து, நன்றாக ஒடுங்கிவிட்டதாம்.

"இளைப்பு, நெஞ்சு நோ, தலைச்சுத்து ஒண்டும் இல்லையெண்டால் ஆறு மாசத்துக்கு ஒருக்கால் படம் எடுத்துப் பாத்துக்கொண்டிருக்கலாம். இருந்தால் வால்வை மாத்தத்தான் வேணும். பிந்தினால் ஆபத்து. படியேறேக்கை இளைக்குதோ, ஐயா?"

"எங்கடை வீட்டிலை ஏது டொக்டர் படி?"

அது பொய்யில்லை. எங்கள் வீட்டிலிருந்து அச்சுவேலிச் சந்தைவரை ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. ஆனால் டொக்டர் விடவில்லை.

"சரி, சோளகத்துக்கு எதிராய்ச் சைக்கிள் ஓடுவியளோ?"

இங்கே சைக்கிள்காரருக்கு ஏற்றம் என்றால் ஆனி, ஆடியில் முகத்தில் அறைகிற அந்தச் சோளகக் காற்றுத்தான்.

"ஓம், ஓடுவன்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

போன கிழமை ஓட்டோவில் வரும்போது அவரைக் கண்டிருந்தேன். சந்தையில் மரக்கறியை விற்றுவிட்டு, வெறும் கூடையோடு, எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது என்றார். அவர் குளிக்கப் போன நேரம் அமத்திப் பார்த்தேன். இரண்டு சில்லும் கல்லு மாதிரி இருந்தன. என்னிடமே கதை அளக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எக்கோவுக்கு அனுப்பிய நாளிலிருந்து, நெஞ்சைப் பிளப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

டொக்டர் பேனையை எடுத்தார். ஒன்றும் இல்லை என்று எழுதப் போகிறார். சொல்லாதேயும் என்று என் கணவரின் கண் கெஞ்சியது.

"இவர் ஓடுறேல்லை டொக்டர். உருட்டிக்கொண்டுதான் வாறவர்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவரிடம் கேட்டார்: "எவ்வளவு காலமாய்?"

அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே தலை குனிந்தார். "போன வருசத்துச் சோளகத்திலையிருந்து."

ஒரு வருடம்! நான் ஒரு கிழமை என்றல்லவா நினைத்திருந்தேன்.

"உமக்குச் சொன்னால் நித்திரை கொள்ளமாட்டீர் எண்டுதான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருடைய கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

"எப்ப டொக்டர் வால்வு மாத்திறது?" என்று கேட்டது அவரில்லை, நான்.